நெத்தலிக் குழம்புப் பாட்டும் என் கல்யாணமும்

தலைப்பாகையைக் கடல் கொண்டுபோய்விட்டது. பட்டு வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக் கிடந்தது. நான் மோட்டார் வள்ளத்தின் பின்பக்க விளிம்பில் வயிற்றைக் கொடுத்து, தலையை வெளியே தொங்கப் போட்டபடி சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் கல்யாணம்.

காலையிலிருந்து விரதம். வெளியே வருவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் வயிறு தன் முயற்சியைக் கைவிடவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சுக்கான். மறு கை ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தாளம் போட்டது. பாட்டின் கடைசி வரியில் நெத்தலிக் குழம்பு வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் இன்னொரு தரம் தலையை வெளியே நீட்டினேன்.

தலைப்பாகை விஷயத்தில் என் தங்கச்சிக்கு வேறு கருத்து. அவளும் அந்த வள்ளத்தில் கூறைச்சேலைத் தட்டத்தை மடியில் கட்டிப் பிடித்தபடி இருந்தவள். "கடல் ஒண்டும் கொண்டுபோகேல்லை. நீங்கள்தான் கழட்டி அதுக்குள்ளை சத்தி எடுத்திட்டு எறிஞ்சனீங்கள்" என்று இன்றைக்கும் சொல்வாள். ஒரு எழுத்தாளனின் மரியாதையைக் காப்பாற்றுகிற எண்ணம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

பாலம் போட்ட தீவு

எங்கள் ஊர் காரைநகர். வரைபடத்தில் பார்த்தால் தீவு. ஆனால் கடலுக்குக் குறுக்கே தாம்போதி போட்டு, பஸ் விட்டு, எத்தனையோ காலம். கடல் என்பது எங்களுக்குப் பஸ் யன்னலுக்கு வெளியே கிடக்கிற ஒரு சாமான். அதைத் தாண்டி வெளியூர் போகிற நாங்கள் அதில் கால் நனைப்பதுகூட இல்லை. ஆனாலும் கொழும்பில் போய், "நாங்கள் தீவார், கடலோடு பிறந்தனாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்துவோம்.

பெண் நெடுந்தீவில். அது கடல் நடுவே கிடக்கிற உண்மையான தீவு. குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து வள்ளத்தில் போகவேண்டும். ஆனி மாதத்தில் சோளகக் காற்று எழும்பிவிட்டால் அந்தத் துண்டுக் கடலைப் பார்த்து மீன்பிடிக்கிறவர்களே யோசிப்பார்கள்.

பெண்ணின் தகப்பன் நெடுந்தீவில் பயிர் செய்கிற கமக்காரர். "சோளகம் விழட்டும், ஆவணியிலை வைப்பம்" என்று சொல்லி அனுப்பினார். நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் பக்கம் பேசியவர் வைத்திலிங்க மாமா.

மாமா மலாயாப் பென்சனியர். அங்கே ரயில்வேயில் இருந்தவர். மலாயாவில் ரயில் எப்படி நேரத்துக்கு ஓடியதோ அப்படித்தான் உலகமும் ஓடவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் உப்பு வாங்குவதென்றாலும் அவரைத்தான் கேட்கவேண்டும். மலாயாவிலிருந்து அவர் கொண்டுவந்த சங்கிலி மணிக்கூட்டை நாங்கள் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தோம்.

மாமா திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர். பெண் வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கக்காரர். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு கட்சிக்கும் இடையில் நடக்கிற சண்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே வானம், ஒரே நட்சத்திரம், ஆனால் அது எத்தனை மணிக்குப் போகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. இதனால் ஒரே வீட்டில் இரண்டு தரம் வருசம் பிறந்த கதையும் உண்டு.

"என்ரை பஞ்சாங்கத்திலை ஆனியிலைதான் நாள். பத்தரைக்குள்ளை தாலி ஏறவேணும்" என்றார் மாமா. பெண்ணின் தகப்பன் மாதத்துக்கும் சம்மதித்தார், பஞ்சாங்கத்துக்கும் சம்மதித்தார். இவ்வளவு இறங்கி வருகிற மனிதருக்கு ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. நான் அப்போது பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் தவமணி சிரிக்காமல் இருந்தாள். அந்தக் காலத்தில் படத்துக்கு ஒருவரும் சிரிப்பதில்லை என்பதால் அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று வாடகை பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய் இறங்கினோம். வழமையாகச் சனம் ஏற்றுகிற லோஞ்ச் அன்று காற்றுக்கு ஓடாது என்றார்கள். தன் மோட்டார் வள்ளத்தோடு வரச் சம்மதித்தவர் ஒருவர்தான்.

பாட்டுப் பேதுறு

பேதுறு அண்ணை நெடுந்தீவுக் கத்தோலிக்கர். கடல்தான் தொழில். மீன் இல்லாத நாளில் சாமான் ஏற்றுவார், சனம் ஏற்றுவார். எல்லா நாளும் பாட்டுக் கட்டுவார்.

ஊர் அதிகாரியான விதானையார் பறந்துபோன தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடிக் கிணற்றுக்குள் விழுந்ததற்கு அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. சங்கக்கடை அரிசியில் கல் பொறுக்குவதற்கு ஒரு பாட்டு. குருவானவரின் பிரசங்க நீளத்துக்கும் ஒன்று. அதைக் குருவானவரே கேட்டு வாங்கிச் சிரித்தார் என்று பேச்சு. அவர் வாயில் விழுந்தவன் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தலை நிமிர்ந்து நடக்க ஏலாது. அவர் வாயில் விழாதவனுக்கோ தன்னை ஊர் கணக்கில் எடுக்கவில்லை என்ற கவலை.

ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பாட்டு ஒன்றுதான். துக்கத்துக்கு ஆறுதல் சொல்கிற பாட்டு. அது இது:

காத்தடிச்சால் அடிக்கட்டும், களைச்சால் அது படுக்கும்;
கடல் குமுறினால் குமுறட்டும், அதுக்கும் வயிறு நோகும்;
நேத்தழுத கண்ணுக்கு இண்டைக்கு நித்திரை வேணும்;
நெத்தலிக் குழம்பு கொதிக்குது, எழும்பு பிள்ளை, எழும்பு.

இவ்வளவுதான். இதற்கு என்ன ராகம் என்று பிற்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கீத வாத்தியார் கேட்டார். பேதுறு அண்ணை உண்மையைச் சொன்னார்: "ராகமோ? உது என்ரை எஞ்சின்ரை சத்தத்துக்குக் கட்டினது." எஞ்சின் மெல்ல ஓடினால் பாட்டும் மெல்லப் போகும். கரையில் எஞ்சின் இல்லாதபடியால் தகரம் மட்டுந்தான்.

வேறொரு கொழும்புக்காரர் பாட்டைக் கேட்டு மயங்கிப்போய், "நெத்தலிக் குழம்பை மட்டும் எடுத்துப்போட்டுத் தேனமுது எண்டு போட்டால் இலக்கியமாய் வரும்" என்றார். பேதுறு அண்ணை கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேனமுது கொதிச்சால் என்ன மணம் வரும் ஐயா?" என்று கேட்டார். கொழும்புக்காரர் அதற்குப் பிறகு இலக்கியம் பேசவில்லை.

அவர் பாடுகிற முறையில் ஒரு விசேஷம் உண்டு. முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மாறாது. மூன்றாவது வரியை மட்டும் ஆளுக்குத் தக்கதாக அந்த இடத்திலேயே கட்டுவார். சோதினையில் கோட்டை விட்டுவிட்டுச் சோறு வேண்டாமென்று கிடந்த பெடியனுக்கு, "சோதினை எழுதின கைக்கு இண்டைக்குச் சோறு வேணும்" என்று பாடினார். மாடு கிணற்றில் விழுந்து செத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த ஒரு தலைமை வாத்தியாருக்கு, "கிணத்திலை விழுந்த மாட்டுக்கும் உன்னிலை கோபமில்லை" என்று பாடினார். வாத்தியார் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு எழும்பிப் போய்ச் சாப்பிட்டாராம்.

எனக்கு ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் பயம். அப்பா செத்தபோது வந்தவர்கள் எல்லோரும், "எல்லாம் அவன் செயல்" என்றார்கள். அவன் மட்டும் கையில் அகப்பட்டிருந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன். இந்தப் பாட்டு அழாதே என்று சொல்வதில்லை. எல்லாம் சரிவரும் என்று பொய் சொல்வதில்லை. குழம்பு கொதிக்கிறது, எழும்பு என்கிறது. அந்த வாயில் வந்த அந்தச் சொல்லுக்கு மனிதர் எழும்பியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் எனக்கு அது உலகத்திலேயே பிடித்த பாட்டு.

அரைவாசிக் கடல்

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அன்று வள்ளத்தில் எனக்கு அவர் ஒரு சுக்கான் பிடிக்கிற மனிதர், அவ்வளவுதான்.

"தம்பி, தலையைத் தூக்கிக் கரையைப் பாரும். தண்ணியைப் பார்த்தால் இன்னும் பிரட்டும்" என்றார்.

"கரை எங்கை அண்ணை?"

"இப்ப தெரியாது. தெரியேக்கை பாரும்."

வள்ளம் ஒவ்வொரு அலையிலும் ஏறி நின்று யோசித்துவிட்டுப் பொத்தென்று விழுந்தது. முன்பக்கத்தில் கட்டியிருந்த படங்குத் துணியின் கீழே எங்கள் சனம் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். மாமா மட்டும் நிமிர்ந்து இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மூடியைப் படக்கென்று மூடினார்.

"பேதுறு! முகூர்த்தம் போயிட்டுது. வள்ளத்தைத் திருப்பும்! இன்னொரு நாள் வைப்பம்!"

திரும்புவது லேசு. காற்று முதுகில் அடிக்கும், அலை தானாகத் தள்ளிக்கொண்டு போய்க் குறிகட்டுவானில் விடும். படங்கின் கீழே இருந்த சனம் அத்தனையும், "ஓம் ஓம், திருப்புங்கோ" என்றது. என் வயிறும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

பேதுறு அண்ணை எஞ்சினைக் குறைத்தார். ஆனால் சுக்கானை அசைக்கவில்லை. வள்ளம் நின்ற இடத்திலேயே அலைக்கு முகம் கொடுத்துக்கொண்டு ஆடியது. அவர் மறுபடி பாடத் தொடங்கினார், எஞ்சினோடு சேர்ந்து மிக மெல்ல. இந்த முறை மூன்றாவது வரி வேறாக வந்தது.

"திரும்பிப் போன தோணிக்கு உன்ரை பேர் தெரியாது..."

நான் தலையைத் தூக்கினேன்.

"எந்தத் தோணி அண்ணை திரும்பிப் போனது?"

அவர் முன்பக்கம் ஒருதரம் பார்த்தார். காற்று அங்கிருந்து எங்கள் பக்கமாக அடித்தபடியால் எங்கள் பேச்சு மாமாவுக்குப் போகாது.

"இதுதான். இதே வள்ளம், இதே தண்ணி. நாலைஞ்சு வருசம் இருக்கும். மாப்பிள்ளை பட்டணத்துப் பக்கம். அவையளும் இப்பிடித்தான் அரைவாசியிலை நேரம் போயிட்டுது, திருப்பு எண்டிச்சினம். நான் திருப்பிப்போட்டன். வேறை நாள் வைப்பினம் எண்டு நினைச்சன் தம்பி. அவையள் வைக்கேல்லை. கடலே விடாத பொம்பிளை, ராசியில்லை எண்டு கதையைக் கட்டிவிட்டிட்டு வேறை இடத்திலை செய்துபோட்டினம்."

"அந்தப் பிள்ளை?"

"ஆரெண்டு நினைக்கிறீர்? நீர் கட்டப்போற பிள்ளைதான்."

எங்களுக்குச் சொல்லப்பட்டது, முன்பு பேசிய இடம் சாதகம் பொருந்தாமல் விட்டுப்போனது என்று. தகப்பன் ஏன் மாதத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் இறங்கி வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது வள்ளமும் திரும்பிவிட்டால் அந்தத் தீவில் மட்டுமல்ல, எந்தத் தீவிலும் தவமணிக்குக் கல்யாணம் இல்லை.

"அண்டைக்கு அந்த வீட்டுக்குச் சேதி சொல்லப் போனவனும் நான்தான்" என்றார் பேதுறு அண்ணை. "படலையடியிலை நிண்டன். பிள்ளை சோடிச்சபடி இருந்தவ. சொல்ல வாய் வரேல்லைத் தம்பி. பாட்டாத்தான் வந்தது. எங்கடை வீட்டிலை நெத்தலிக் குழம்பு உண்மையாக் கொதிச்சுக்கொண்டிருந்தது. வா பிள்ளை எண்டு கூப்பிட்டன். எழும்பி வந்தவ. எங்கடை குசினிக்குள்ளை இருந்து சாப்பிட்டவ. ரெண்டாந்தரமும் சோறு கேட்டவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உதை மட்டும் உம்மடை மாமாவுக்குச் சொல்லிப்போடாதேயும்."

"அப்ப இந்தப் பாட்டு எனக்குப் பாடேல்லையோ?"

"உமக்கேன்? உமக்குச் சத்திதானே. அது கரையிலை நிண்டிடும். பாட்டு அந்தப் பிள்ளைக்கு."

அந்த இடத்தில் என் மனதில் வீரம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கவில்லை. எனக்கு வந்தது ஒரு ஆசை. விரத நாளில், மணப்பெண் அலங்காரத்தோடு, சைவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வராமற்போன மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு, மீன்பிடிக்கிறவர் வீட்டுக் குசினியில் இருந்து இரண்டாந்தரம் சோறு கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. எப்படியும் அவளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நான் அதுவரை எதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

அதற்குள் மாமா நாலு காலில் தவழ்ந்து பின்பக்கம் வந்து சேர்ந்துவிட்டார்.

"திருப்பச் சொன்னனான், கேக்கேல்லையோ?"

"மாப்பிள்ளை சொல்லட்டும் ஐயா. கட்டப்போறவர் அவர்தானே" என்றார் பேதுறு அண்ணை.

மாமா என்னைப் பார்த்தார். அவர் முன்னால் நான் அதுவரை கருத்து என்று எதுவும் சொன்னதில்லை.

"நேரை விடுங்கோ அண்ணை" என்றேன்.

"உனக்கென்ன விசரோ? முகூர்த்தம் இல்லாமல் தாலி கட்டப்போறியோ?"

இதற்கு நான் நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். பதிலுக்குப் பதிலாக வேறு ஒன்று வந்து மாமாவின் சால்வையில் விழுந்தது. மாமா அதையே என் பதிலாக எடுத்துக்கொண்டு, வந்த வழியே தவழ்ந்து போனார். பேதுறு அண்ணை எஞ்சினைக் கூட்டினார். பாட்டும் வேகமெடுத்தது.

ஒரு கதிரை

நெடுந்தீவு மாவிலித்துறையில் இறங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. மேளகாரர் மரத்தடியில் படுத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கல்வேலிக்கு அப்பால் நின்ற சனம் எங்களை ஆவிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. பார்வைக்கும் அப்படித்தான் இருந்திருப்போம்.

பெண்ணின் தகப்பன் ஓடிவந்தார். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஐயர் தொண்டையைச் செருமினார். முகூர்த்தம் போய்விட்டதுதான், ஆனால் அது திருக்கணிதப்படி. வாக்கியப்படி பார்த்தால் நட்சத்திரம் பின்னேரம் வரை நிற்கிறது, நல்ல நேரம் ஒன்று இன்னும் இருக்கிறது, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவேண்டும் என்றார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"எந்தப் பஞ்சாங்கமெண்டாலும் செய்யுங்கோ. எனக்கு முதல் இருக்க ஒரு ஆடாத கதிரை தாருங்கோ" என்றார்.

கிணற்றடியில் என்மேல் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, யாரோ ஒருவருடைய வேட்டியைக் கட்டிவிட்டு, மணவறைக்குக் கொண்டுபோனார்கள். தவமணி வந்து பக்கத்தில் இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஐயர் மந்திரத்தில் இருந்தபோது, குனிந்த தலை நிமிராமல், உதடு அசையாமல், அவள் கேட்டாள்:

"ஏன் திரும்பிப் போகேல்லை?"

அதில் குற்றமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். நான் அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"திருப்பச் சொல்ல வாய் ஒழியேல்லை. சத்தி எடுத்துக்கொண்டிருந்தனான்" என்றேன்.

தவமணி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, அடங்காமல், தோள் குலுங்கி, சத்தமாகவே சிரித்துவிட்டாள். மணவறையில் பெண் சிரிப்பதைக் கண்டு கிழவிகள் வாயில் கை வைத்தார்கள். நான் தாலியைக் கட்டினபோதும் அவள் கழுத்து குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. தாலிக்கொடியின் கொழுக்கியைப் பூட்ட நான் பட்ட பாடு கடலில் பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல.

சாப்பாடு முடிந்து சனம் பேதுறு அண்ணையைச் சூழ்ந்துகொண்டது. அவர் தகரத்தை மடியில் வைத்து, மாமாவின் மணிக்கூட்டையும் என் வயிற்றையும் பற்றி அங்கேயே கட்டிய புதுப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். பந்தல் அதிர்ந்தது. மாமாவே தன் ஆடாத கதிரையில் இருந்து சிரித்தார்.

பிறகு சனம் நெத்தலிப் பாட்டைக் கேட்டது. "அதைப் பாடுங்கோ பேதுறு அண்ணை, அதைப் பாடுங்கோ!"

அவர் தகரத்தைக் கீழே வைத்தார். தவமணி இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"இல்லை. அதை இனி இந்தப் பிள்ளைக்குப் பாட மாட்டன்" என்றார்.

பரிமாறிக்கொண்டு நின்ற தவமணியின் தாய் இதைக் கேட்டார். பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்த மனிசி, பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

பேதுறு அண்ணை சொன்னபடியே நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தார், மீன் கொண்டுவந்தார், என் பிள்ளைகளுக்கு என் சத்திப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நானும் தவமணியும் எவ்வளவு கெஞ்சியும் அந்தப் பாட்டை மட்டும் எங்களுக்குப் பாடவே இல்லை. அதைக் கேட்கவேண்டுமென்றால் நாங்கள் யாராவது ஒருவருடைய துக்க வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது.